பதிவுச் சான்றிதழுக்குப் பிறகு இறால் பண்ணையை யார் பார்க்கிறார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கடலோர இறால் பண்ணைகளுக்கும் மீன் பண்ணைகளுக்கும் அரசு அனுமதி வழங்குவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அனுமதி தாமதமின்றிக் கிடைக்க வேண்டும் என்று ஒரு தரப்பும், அனுமதியே கொடுக்கக் கூடாது என்று இன்னொரு தரப்பும் வாதிட்டுவிட்டுக் கலைந்துவிடுகின்றன. சான்றிதழ் கைக்கு வந்த மறுநாளிலிருந்து அது காலாவதியாகும் நாள்வரை அந்தப் பண்ணையை யார் பார்க்கிறார்கள், எதைப் பார்க்கிறார்கள், பார்த்ததை யாரிடம் சொல்கிறார்கள் என்ற கேள்வி இரு தரப்பின் பேச்சிலும் அடிபடுவதில்லை. நீர்த்தரப் பரிசோதனைத் தொழிலில் இருந்து, பண்ணைகளின் நீர் மாதிரிகளைக் கையாண்டவன் என்ற முறையில், அந்த ஒரு கேள்வியைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

இந்தத் தொழிலைக் கவனிக்கத் தனி ஆணையம் ஒன்று ஏன் வந்தது என்பதை முதலில் நினைவுகூர வேண்டியிருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் கிழக்குக் கடற்கரை நெடுகிலும் வரி இறால் வளர்ப்பு மிக வேகமாகப் பரவியது. நெல் விளைந்த நிலங்களும் உப்பளங்களும் கிராமப் பொதுநிலங்களும் குட்டைகளாக வெட்டப்பட்டன. குடிநீர் உவர்ப்பானதாகவும், கடற்கரைக்குச் செல்லும் பாதைகள் பண்ணை வேலிகளால் அடைபட்டதாகவும் மீனவர்களும் விவசாயக் கூலிகளும் முறையிட்டார்கள். சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் 1994-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு இந்த முறையீடுகளிலிருந்து பிறந்ததுதான். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1994-95-இல், இறாலைக் கொல்லும் வைரஸ் நோயான வெள்ளைப்புள்ளி நோய் கடற்கரை முழுக்கப் பரவி, குட்டை குட்டையாக இறால் செத்து ஒதுங்கியது. கட்டுப்பாடு இல்லாததால் நட்டம் அடைந்தவர்களில் பண்ணையாளர்களே முன்வரிசையில் நின்றார்கள் என்பதை இன்று பலரும் மறந்துவிட்டார்கள்.

அந்த வழக்கில் நீதிபதிகள் குல்தீப் சிங், எஸ். சாகிர் அகமது ஆகியோர் 1996 டிசம்பர் 11 அன்று அளித்த தீர்ப்பு கடுமையானது. மரபுவழி வளர்ப்பும் மேம்படுத்தப்பட்ட மரபுவழி வளர்ப்பும் தவிர, வேறு எந்த இறால் குட்டையும் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள், அதாவது கட்டுமானங்களுக்கும் தொழில்களுக்கும் அரசு கட்டுப்பாடு விதித்த கடலோரப் பகுதிக்குள், இருக்கக் கூடாது என்றும், ஏற்கெனவே இருப்பவை 1997 மார்ச் 31-க்குள் அகற்றப்பட வேண்டும் என்றும் அது சொன்னது. ஒடிசாவின் சிலிகா ஏரி, பழவேற்காடு ஏரி ஆகியவற்றிலிருந்து 1,000 மீட்டருக்குள்ளும் அந்த இரு வகை தவிர வேறு இறால் பண்ணை கூடாது என்றது. விளைநிலம், அலையாத்திக் காடு, உப்பளம், ஈரநிலம், கிராமப் பொதுநிலம் ஆகியவற்றைக் குட்டையாக்கக் கூடாது என்றது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, யார் யாருக்கு எவ்வளவு இழப்பு என்பதைக் கணக்கிட ஒரு தனி ஆணையத்தைச் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் கீழ் அமைக்கும்படியும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

ஆணையம் 1997 பிப்ரவரியில் அமைக்கப்பட்டது. ஆனால் தீர்ப்பின் மற்ற பகுதிகள் நடைமுறைக்கு வருமுன்னரே மறுஆய்வு மனுக்கள் வந்தன, இடிப்பு நின்றது, தொழிலும் தொடர்ந்தது. கடைசியில் 2005-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இன்றைய ஆணையத்தை உருவாக்கியது. அந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவை வாசகர்கள் ஒருமுறையாவது படித்துப் பார்க்க வேண்டும். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் உள்ள தடைகள் கடலோர இறால், மீன் வளர்ப்புக்குப் பொருந்தாது என்ற ஒரு வரி, அந்த அறிவிக்கை வெளியான 1991 பிப்ரவரி 19-ஆம் தேதியிலிருந்தே அதில் இருந்ததாகக் கருதப்பட வேண்டும் என்று அது கூறுகிறது. உச்ச நீதிமன்றம் எந்த விதியை வைத்துத் தீர்ப்பளித்ததோ, அந்த விதியே பின்தேதியிட்டு மாற்றப்பட்டது. சட்டமியற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு என்பதால் அதைப் பற்றி இப்போது குறைசொல்லிப் பயனில்லை. ஆயினும் அந்த ஏற்பாட்டில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது. பொதுவான கடலோரச் சட்டத்தின் பிடியிலிருந்து இந்தத் தொழிலுக்கு விலக்கு கிடைத்தது. அதற்கு ஈடாக, இந்தத் தொழிலை மட்டுமே கண்காணிக்கும் ஒரு சிறப்பு ஆணையம் இருக்கும் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. விலக்கு முழுமையாக வந்து சேர்ந்துவிட்டது. கண்காணிப்பு எந்த அளவுக்கு வந்து சேர்ந்தது என்பதுதான் கணக்குப் பார்க்கப்பட வேண்டியது.

சட்டத்தில் அதிகாரத்துக்குக் குறைவில்லை. உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் மேல் எல்லையிலிருந்து, 200 மீட்டருக்குள் புதிய பண்ணை கூடாது என்றது 2005-ஆம் ஆண்டின் மூலச் சட்டம். பதிவு செய்யாமல் பண்ணை நடத்தக் கூடாது. பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். ஆணையத்தின் ஆட்கள் பண்ணைக்குள் நுழைந்து ஆய்வு செய்யலாம், மாசு ஏற்படுத்தும் பண்ணையை விசாரணைக்குப் பின் அகற்ற உத்தரவிடலாம். 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி விண்ணப்பம் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவுக்குப் போகும். இரண்டு ஹெக்டேர் வரையிலான பண்ணை என்றால் அங்கிருந்து நேராக ஆணையத்துக்கும், அதைவிடப் பெரியது என்றால் மாநில அளவிலான குழுவைக் கடந்தும் செல்லும். பட்டா, குத்தகைப் பத்திரம், நிலவரைபடம், நீர் எடுக்கும் இடம், நீர் விடும் இடம் என்று கேட்கப்படும் ஆவணங்கள் ஏராளம். இத்தனை சல்லடைகளும் பண்ணை தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன என்பதில்தான் என் மனத்தாங்கல் இருக்கிறது. குட்டையில் தண்ணீர் ஏற்றுவதற்கு முன் எத்தனை மேசைகளைக் கடந்தாலும், அந்தத் தண்ணீர் வெளியேறும் நாளில் மடையருகே நிற்க யாரும் வருவதில்லை என்றால், அனுமதி முறை முழுவதும் ஒரு நில ஆவணச் சரிபார்ப்பாகச் சுருங்கிவிடுகிறது.

மடையருகே நிற்பது ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்று பண்ணைகளில் பெரிதும் வளர்க்கப்படும் வனாமி என்ற இறால் இனம் ஏறத்தாழ நான்கு மாதம் வளர்கிறது. அந்த நான்கு மாதமும் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் கருவியின் சுழற்சியில் தண்ணீர் வட்டமாக ஓடுவதால், தின்னாமல் மிஞ்சிய தீனியும் இறாலின் கழிவும் உதிர்ந்த ஓடும் செத்த பாசியும் குட்டையின் நடுப்பகுதியில் கருஞ்சேறாகப் படிகின்றன. தீனியில் உள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி இறாலின் உடம்பில் சேருவதில்லை. தண்ணீரிலும் சேற்றிலும்தான் தங்குகிறது. அறுவடை நாளில் மடையைத் திறந்ததும் முதலில் வருவது மேல்தண்ணீர். அதை ஒரு கண்ணாடிக் குடுவையில் பிடித்தால் வெளிர்பச்சையாக, பார்வைக்குக் குற்றம் சொல்ல முடியாதபடி இருக்கும். குட்டை முக்கால்வாசி வடிந்த பிறகு, வலையில் இறால் துள்ளும்போது ஆட்கள் உள்ளே இறங்கிச் சேற்றைக் கலக்க, மடை வழியே வருவது வேறு நீர். முட்டை அழுகியதுபோல நாறும். குடுவையை அசையாமல் வைத்தால் அடியில் கறுப்பு வண்டல் தெளிவாகப் பிரிந்து நிற்கும். மிதக்கும் திடப்பொருளும் அம்மோனியாவும், கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் உறிஞ்சும் ஆக்சிஜனின் அளவான உயிர்வேதி ஆக்சிஜன் தேவையும் உச்சத்தைத் தொடுவது இந்தக் கடைசி நீரில்தான். மாதிரியை எப்போது எடுக்க வேண்டும் என்பது பண்ணைக்காரருக்கும் தெரியும், பரிசோதகருக்கும் தெரியும். ஆய்வுக்கு வரும் தேதியை முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, வளர்ப்பின் நடுவில் ஒரு காலைப்பொழுதில் வந்து, மேல்தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சென்றால், அந்த அறிக்கை எல்லா வரம்புகளுக்கும் உட்பட்டுத்தான் வரும். நான் கையாண்ட மாதிரிகளில் பெரும்பாலானவை அப்படி எடுக்கப்பட்டவையே.

ஐந்து ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகளுக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் குட்டை கட்டாயம் என்று வழிகாட்டு நெறிமுறை இருக்கிறது. வரைபடத்தில் அந்தக் குட்டை இருக்கும். நிலத்திலும் ஒரு குட்டை இருக்கும். அறுவடை முடிந்த பிறகு அதில் சேறு தேங்கியிருக்கிறதா, அல்லது அதிலும் இறால் விடப்பட்டு ஏரேட்டர் சுற்றுகிறதா என்பதை நேரில் பார்த்தால் மட்டுமே தெரியும். நான் போன ஒரு பண்ணையில், வரைபடத்தில் வண்டல் படியும் குட்டை என்று குறிக்கப்பட்டிருந்த இடத்தில் தீனித் தட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. கேட்டபோது, காலியாகக் கிடக்கும் தண்ணீரை வீணாக்குவானேன் என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவரைக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. யாரும் வந்து கேட்காத ஒரு விதிக்காகக் குட்டை ஒன்றைச் சும்மா வைத்திருக்க எந்த வியாபாரியும் விரும்பமாட்டார்.

இதற்கு மாற்று வழி இல்லாமல் இல்லை. நார்வே நாட்டின் கடல் சால்மன் பண்ணைகளில் மீனின் மேல் ஒட்டும் கடல் பேனின் எண்ணிக்கையைப் பண்ணையாளர்களே வாரந்தோறும் எண்ணி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒவ்வொரு பண்ணையின் எண்ணிக்கையும் பெயரோடு பொதுமக்கள் பார்வைக்கு வருகிறது. 2017 முதல் அங்கே கடற்கரை 13 உற்பத்திப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, பேன் தொல்லையால் இயற்கைச் சால்மனுக்கு ஏற்படும் பாதிப்பைப் பொறுத்து ஒவ்வொரு பகுதிக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் தரப்படுகிறது. பச்சைப் பகுதியில் உற்பத்தியைக் கூட்டலாம்; சிவப்பில் குறைக்கும்படி உத்தரவு வரும். அங்கும் சிக்கல்கள் உண்டு, வழக்குகளும் உண்டு. ஆனால் ஒரு பண்ணையை மட்டுமல்ல, ஒரு பகுதியில் உள்ள எல்லாப் பண்ணைகளையும் சேர்த்து அந்த நீர்நிலை எவ்வளவு தாங்கும் என்ற கேள்வியை அனுமதி முறைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். நம்மிடம் ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தனிக் கோப்பு. ஒரே உப்பங்கழியில் நாற்பது பண்ணைகள் நீர் எடுத்து அதிலேயே கழிவுநீரை விட்டாலும், நாற்பது கோப்புகளும் தனித்தனியே சரியாக இருக்க முடியும். சிலி நாடு 2007-இல் தொற்று இரத்தசோகை வைரஸ் பரவி சால்மன் உற்பத்தி குலைந்த பிறகே பண்ணைகளுக்கிடையேயான இடைவெளி, ஒரே நேரத்தில் குட்டிகளை விட்டு ஒரே நேரத்தில் ஓய்வு விடுதல் போன்ற விதிகளை இறுக்கியது. வெள்ளைப்புள்ளி நோயைக் கண்ட நமக்கு அந்தப் பாடம் அதற்கு முன்பே கிடைத்துவிட்டது, எழுதிவைத்துக்கொள்ளத் தவறினோம்.

2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதிவின்றிப் பண்ணை நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை என்று இருந்த பிரிவு அதில் நீக்கப்பட்டு, அபராதம் போன்ற உரிமையியல் நடவடிக்கைகள் வைக்கப்பட்டன. குஞ்சு பொரிப்பகங்கள், தாய் இறால் பெருக்க மையங்கள், கூண்டு வளர்ப்பு, கடற்பாசி வளர்ப்பு ஆகியவையும் ஆணையத்தின் வரம்புக்குள் வந்தன. அவற்றில் சிலவற்றைக் கடலை ஒட்டியே அமைப்பதற்கு வழியும் விடப்பட்டது. சிறைத் தண்டனை போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஒன்றரை ஏக்கரில் குட்டை வெட்டிய ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் பிரிவை எந்த அதிகாரியும் எளிதில் கையில் எடுக்கமாட்டார். எடுக்காத பிரிவு பேரம் பேசத்தான் பயன்படும். ஆனால் அபராதம் என்பது தவறு கண்டுபிடிக்கப்படும் வாய்ப்போடு சேர்ந்துதான் பயமுறுத்தும். ஆய்வு அபூர்வமாக நடக்கும் இடத்தில், அபராதத் தொகையைப் பெரிய பண்ணைகள் தீனிச் செலவோடு சேர்த்து எழுதிவிட்டுப் போகும். தண்டனையைத் தளர்த்திய அதே கையால் ஆய்வை இறுக்கியிருக்க வேண்டும்.

ஆய்வை யார் செய்வது என்பதில் இன்னொரு நெருடல் இருக்கிறது. ஆணையம் இன்று மீன்வளம், கால்நடை பராமரிப்பு, பால்வள அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. 20,050 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் 2020-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தை நடத்துவதும் அதே அமைச்சகம்தான். உற்பத்தியையும் ஏற்றுமதியையும் பெருக்குவது அதன் கடமை. அதில் தவறேதும் இல்லை. பெருக்க வேண்டியவரின் கீழேயே தடுக்க வேண்டியவரையும் வைத்தால், இருவரில் யாருடைய கோப்பு முதலில் நகரும் என்பதை ஊகிக்க அரசு அலுவலகங்களை அறிந்தவர்களுக்கு நேரம் பிடிக்காது. உச்ச நீதிமன்றம் சொன்ன ஆணையம் சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. குறைந்தபட்சம் கழிவுநீர் மாதிரி எடுப்பதையும் பரிசோதிப்பதையுமாவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமோ பல்கலைக்கழக ஆய்வகங்களிடமோ ஒப்படைத்து, முடிவுகளை ஆணையத்தின் இணையதளத்தில் பண்ணையின் பதிவு எண்ணோடு அப்படியே வெளியிடச் செய்ய வேண்டும்.

கண்காணிப்பை இறுக்கச் சொல்லும்போது, அது சிறு பண்ணையாளரின் தலையில் வந்து விடியும் என்ற அச்சம் நியாயமானது. பலர் வாய்மொழிக் குத்தகையில் குட்டை நடத்துகிறார்கள். நிலம் தாத்தா பெயரில் இருக்கும், வாரிசுகளுக்குள் பாகப்பிரிவினை நடந்திருக்காது. இவர்களால் பதிவுக்கான ஆவணங்களைக் கொடுக்க முடிவதில்லை. பதிவு இல்லாததால் வங்கிக் கடனும் காப்பீடும் கிடைக்காமல், தீனி வியாபாரியிடம் கடனுக்குத் தீனி வாங்கி, அவர் சொல்லும் விலைக்கே இறாலைக் கொடுக்க வேண்டிய நிலைக்குப் போகிறார்கள். இத்தகையவர்களுக்கு நில ஆவணத்தைத் தளர்த்தி, நீருக்கான விதியைக் கட்டாயமாக்குவதே முறை. கடல் உணவு ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் 2007-இல் அமைத்த தேசிய நிலைத்த நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம், சிறு பண்ணையாளர்களைச் சங்கங்களாகத் திரட்டும் வேலையைச் செய்துவருகிறது. அப்படிப்பட்ட சங்கத்துக்கு ஒரே பதிவும் ஒரே பொதுச் சுத்திகரிப்புக் குட்டையும் என்று அனுமதி கொடுத்தால், தனித்தனியே எவராலும் கட்ட முடியாததைச் சேர்ந்து கட்டிவிடலாம். அரசு மானியம் தர வேண்டிய இடம் புதிய ஏரேட்டரைவிட இதுதான்.

கண்காணிப்பு தளர்ந்தால் தொழிலுக்கே எப்படி அடி விழும் என்பதற்கு ஒரு சான்று போதும். குளோரம்பெனிகால், நைட்ரோபியூரான் வகை ஆன்டிபயாட்டிக் மருந்துகள் இறால் வளர்ப்பில் தடைசெய்யப்பட்டவை என்பது ஆணையத்தின் பட்டியலிலேயே இருக்கிறது. இருந்தும், ஏற்றுமதியான இறாலில் மருந்து எச்சங்கள் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டதால், ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் இந்தியாவிலிருந்து வரும் வளர்ப்பு இறால் சரக்குகளில் பாதியை எல்லையிலேயே மாதிரி எடுத்துப் பரிசோதிக்கும்படி உத்தரவிட்டது. அந்தப் பரிசோதனைச் செலவும் தாமதமும் கடைசியில் விலையில் கழிக்கப்பட்டுக் குட்டைக்காரரிடம்தான் வந்து சேர்ந்தன. மருந்து விற்றவர் யார், எந்தக் குட்டையில் போடப்பட்டது என்பதை நம் ஆய்வாளர் குட்டைக்கரையில் கண்டறிந்திருந்தால், ஒழுங்காக வளர்த்தவர்கள் தண்டிக்கப்பட்டிருக்கமாட்டார்கள்.

இவையெல்லாம் ஆணையத்தின் எல்லைக்குள் நடப்பவை. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்த எல்லை, கடல், ஆறு, ஓடை, உப்பங்கழி ஆகியவற்றின் உயர் அலைக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரில் வனாமி வளர்க்கும் குட்டைகளும், நன்னீர் மீன் பண்ணைகளும் மாநில அரசின் பொறுப்பு. மீன்வளம் அரசமைப்பில் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். இந்த உள்நாட்டுப் பகுதியில் கண்காணிப்பு எப்படி இருக்கிறது என்பதற்கு ஆப்பிரிக்கக் கெளுத்தியே சாட்சி. மற்ற மீன்களை விழுங்கி நம் நீர்நிலைகளின் இயல்பான மீன்வளத்தைக் குலைத்துவிடும் என்பதால் மத்திய அரசு 2000-ஆம் ஆண்டில் அதைத் தடைசெய்தது. இன்றும் மாவட்டந்தோறும் அவ்வப்போது குட்டைகளை மூடி, மீன்களைக் குழி தோண்டிப் புதைக்கும் செய்தி உங்கள் நாளிதழ் உட்பட எல்லா இதழ்களிலும் வருகிறது. இறைச்சிக் கழிவைத் தீனியாகக் கொட்டி வளர்க்கப்படும் அந்தக் குட்டைகளின் நாற்றம் அக்கம்பக்கத்தாருக்கு மாதக்கணக்கில் தெரிந்திருந்தும், புகார் போகும்வரை அதிகாரிகளின் கண்ணில் படாமல் இருப்பது எப்படி என்பது விளங்கவில்லை. பொரிப்பகத்திலிருந்து குஞ்சு விற்கப்படும்போதே விற்றவர், வாங்கியவர் விவரத்தைப் பதிவேட்டில் ஏற்றும் முறை இருந்தால், வளர்ந்த மீனைப் புதைக்கும் வேலை மிச்சமாகும்.

ஆகவே, மாநில மீன்வளத் துறை இரண்டு காரியங்களை நீண்ட சட்டத்திருத்தம் ஏதுமின்றி இப்போதே செய்யலாம். தன் எல்லைக்குள் உள்ள கடலோர, உள்நாட்டுப் பண்ணைகளின் பட்டியலை ஊராட்சி வாரியாகத் தொகுத்து, பதிவு எண், பரப்பு, நீர் விடும் இடம், பதிவு முடியும் தேதி ஆகியவற்றோடு ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டலாம். பதிவைப் புதுப்பிக்கும் விண்ணப்பம் மாவட்டக் குழுவுக்கு வரும்போது, முந்தைய ஐந்து ஆண்டுகளில் அறுவடை நாளின் கடைசி நீரில் எடுக்கப்பட்ட மாதிரி முடிவுகள் கோப்பில் இல்லையென்றால், அதைப் பரிந்துரைக்காமல் திருப்பி அனுப்பும்படி ஆட்சியர்களுக்கு அறிவுறுத்தலாம். இதற்கு ஆகும் செலவு ஒரு பண்ணைக்கு ஒரு பருவத்தில் வாங்கும் தீனியில் சில மூட்டைகளின் விலையைத் தாண்டாது.

இப்படிக்கு,
நீர்த்தரப் பரிசோதனைத் தொழிலில் இருந்த ஒரு வாசகர்